கடல் மீனுக்குக் கணக்குப் போடுவது யார்?

கடலில் எவ்வளவு மீன் இருக்கின்றது என்று இதுவரை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கக்கூடிய காரியமுமல்ல. அப்படியிருந்தும், இந்த வருஷம் இவ்வளவு டன் பிடிக்கலாம், அதற்குமேல் ஒரு கூடைகூடப் பிடிக்கக்கூடாது என்று அநேக தேசத்துச் சர்க்கார்கள் வருஷாவருஷம் உத்தரவு போட்டுக்கொண்டுதான் வருகின்றன. அந்த உத்தரவை நம்பி லக்ஷக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரிகின்றது. உத்தரவு தப்பாய்ப் போனால் அடுப்பு அணைந்து போகின்றது. உத்தரவு போட்ட உத்தியோகஸ்தருக்கோ மாதச் சம்பளம் நின்றுபோவதில்லை.

ஆகையால், எண்ண முடியாத பொருளுக்குக் கணக்குப் போடுவது எப்படி, போட்ட கணக்கைச் சோதிப்பது எப்படி, அந்தச் சோதனையில் யார் யாருக்குப் பேச வாயுண்டு என்கின்ற இந்தக் கேள்விகளை ஏதோ சயன்ஸ் படித்தவர்களுடைய சொந்த விவகாரம் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. தள்ளிவிட்டவர்களுடைய கதி என்ன ஆயிற்று என்பதற்கு ஓர் ஊரின் கதையே போதும்.

கனடா தேசத்தின் கிழக்கு ஓரத்தில் நியூபவுண்ட்லாந்து என்கின்ற தீவு இருக்கின்றது. குளிர் அதிகம்; விவசாயம் சொற்பம். அங்கே ஜனங்களைக் குடியேற வைத்ததும், குடியேறினவர்களுக்குச் சோறு போட்டதும் காட் என்னும் மீன்தான். 1497-ல் ஜான் கேபட் என்பவர் அந்தப் பக்கம் கப்பலில் போய் வந்தபோது, அங்கு வலைகூட வேண்டியதில்லை, கூடையில் கல்லைப் போட்டு இறக்கினாலே மீன் ஏறுகின்றது என்று அவருடைய ஆட்கள் வந்து சொன்னதாக அக்காலத்துக் கடிதம் ஒன்றில் எழுதப்பட்டிருக்கின்றது. நானூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சுக்குப் பெரிய மோசம் வரவில்லை. பிறகு, பிடித்த மீனைக் கப்பலிலேயே அறுத்து உறைய வைக்கக்கூடிய இராட்சத இழுவலைக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தன. 1968-ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் அந்தத் தீவின் வடக்கு, கிழக்குக் கடல்களிலிருந்து ஏறக்குறைய 8 லக்ஷம் டன் காட் மீன் வாரப்பட்டது. 1977-ல் கனடா சர்க்கார், கரையிலிருந்து 200 கடல் மைல் வரையில் எங்களுக்கே அதிகாரம் என்று சொல்லி, அந்நியக் கப்பல்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்திவிட்டார்கள். இனி என்ன கவலை, நம் கடல், நம் நிபுணர், நம் கணக்கு என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

அவர்கள் வைத்த விதி ஒன்றும் பேராசைக்காரன் விதியல்ல. இருக்கின்ற மீனில் வருஷத்துக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் எடுப்பதில்லை என்பதுதான் அது. கேட்பதற்கு யோக்கியமாகவே இருக்கின்றது. ஆனால், ஐந்தில் ஒரு பங்கு என்றால் எதில் ஐந்தில் ஒரு பங்கு? முழுத்தொகை தெரிந்தாலல்லவா ஐந்தாகப் பங்கிட முடியும்? அந்த முழுத்தொகையை அவர்கள் அநுமானித்ததற்கு முக்கியமான ஓர் ஆதாரம், பெரிய இழுவலைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கின்றன என்கின்ற கணக்கு. கப்பல்கள் முன்போலவே நிறையப் பிடித்துக்கொண்டு வந்தன. ஆகவே கடலில் மீன் நிறைய இருக்கின்றது என்று முடிவு கட்டினார்கள்.

இதில் உள்ள பிசகை ஒரு குடியானவரிடம் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். குதிரிலிருந்து நெல்லை மரக்கால் மரக்காலாக அள்ளுகின்றவனுக்குக் கடைசி மரக்கால் வரையில் மரக்கால் நிறைந்துதான் வரும். மரக்கால் நிறைகின்றது என்பதால் குதிர் நிறைந்திருக்கின்றது என்று ஆகிவிடுமா? காட் மீன் தொகை குறையக் குறைய ஆழ்கடலில் ஒரே இடத்தில் கூட்டமாய் ஒடுங்கி நின்றது. கப்பல்களிலோ, மீன் கூட்டம் எங்கே நிற்கின்றது என்று ஒலியைக்கொண்டு கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. ஆகவே கூட்டம் இருக்கின்ற இடத்துக்கே நேராய்ப் போய் வலையை நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் கரையோரத்தில் சிறு படகுகளிலும், கூட்டு வலைகளிலும், தூண்டில்களிலும் தொழில் செய்தவர்களுக்குப் போய்த் தேடுகின்ற சக்தி இல்லை. மீன் அவர்களிடத்திற்கு வரவேண்டும். அது வருவது குறைந்து போயிற்று. வந்ததும் சிறுத்துப் போயிற்று. 1980-க்குப் பிறகு இதை அவர்கள் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கேட்பாரில்லாததால் 1986-ல் கரையோர மீனவர்கள் ஒரு சங்கம் ஏற்படுத்தி, வேறு ஆராய்ச்சிக்காரர்களைக்கொண்டு சர்க்கார் கணக்கைப் பரிசோதிக்கச் செய்து, கணக்குத் தப்பு என்று அறிக்கையும் போட்டார்கள். படிக்காதவன் சொன்னால் புலம்பல் என்பதும், படித்தவனைக்கொண்டு சொன்னால் யாரோ கூலி கொடுத்து எழுதச் சொன்னது என்பதும் அதிகார வர்க்கத்துக்கு எல்லா தேசத்திலும் பழக்கமான பதில்கள்தாமே! கடைசியாக 1989-ல் சர்க்கார் நிபுணர்களே தாங்கள் மீனை மிகைப்படுத்தி எண்ணிவிட்டதாக ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. அப்போதும், சட்டென்று குறைத்தால் தொழிற்சாலைகள் மூடும், வேலை போகும், ஓட்டுப் போகும் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தார்கள்.

1992-ஆம் வருஷம் ஜூலை மாதம் 2-ந் தேதி, மீன் இலாகா மந்திரி ஜான் கிராஸ்பி, இனிமேல் காட் மீன் பிடிக்கவே கூடாது என்று தடையுத்தரவு போட்டார். அன்று சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும் என்றார்கள். இடையில் கரையோரத்தில் கொஞ்சநஞ்சம் பிடிக்க விட்டும், மறுபடி மூடியும் பார்த்தார்கள். அந்தத் தடை முடிந்ததென்று சர்க்கார் அறிவித்தது 2024-ல். அதாவது 32 வருஷம் கழித்து. அந்த வருஷத்துக்கு அனுமதித்த அளவு 18,000 டன். 1968-ல் பிடித்ததில் நாற்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. கடல் அதிகமாய்க் குளிர்ந்ததும் மீன் குறைந்ததற்கு ஒரு காரணம் என்று சிலர் சொல்லுகின்றார்கள். இருக்கலாம். கடல் குளிரும், சூடாகும், மீன் இடம் மாறும் என்பதெல்லாம் கணக்குப் போடுகின்றவன் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டியவைதானே தவிர, பின்னால் சமாதானமாய்ச் சொல்லிக்கொள்ள வேண்டியவை அல்ல.

இதனால் நாம் சயன்ஸைக் குறை கூறுவதாகவோ, மீனவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்லுவதாகவோ யாரும் எண்ணிவிட வேண்டாம். மீனவரிலும் பெரிய கப்பல்காரர்கள் இன்னும் அதிகமாய்ப் பிடிக்கவிடு என்றுதான் கேட்டார்கள். நாம் சொல்லுவதெல்லாம், நிபுணர் ஒரே ஒரு தொகையைச் சொல்லி, அதை எல்லோரும் நம்பி, அது தப்பானால் என்ன செய்வது என்று யாரும் யோசியாமல் இருந்ததுதான் குற்றம் என்பதே. இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை என்று பஞ்சாங்கத்தில் எழுதியிருப்பதற்கும், சோதித்துப் பாராத ஒரு தொகையை நிபுணர் அறிக்கையில் எழுதியிருப்பதற்கும், நம்பி ஏமாறுகின்றவனைப் பொறுத்தவரையில் வித்தியாசம் மிகக் கொஞ்சமேயாகும்.

நிற்க, இந்த ஆபத்துக்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றது. அதைப் பற்றிச் சொல்லவே இவ்வளவும் எழுத நேர்ந்தது.

1980-க்குப் பிந்திய வருஷங்களில் சர்வதேசத் திமிங்கிலக் கமிஷனில் சேர்ந்த நிபுணர்களுக்குள் ஓயாத சண்டை இருந்தது. திமிங்கிலம் எத்தனை என்பதில் ஒருவர் கணக்கு மற்றொருவருக்கு ஒப்பாது. அப்போது அவர்கள், இத்தனைதான் இருக்கின்றது என்று சாதிப்பதை விட்டுவிட்டு, நம்முடைய கணக்கு தப்பாயிருந்தாலும் கெடுதி வராதபடியான விதி எது என்று தேடத் தொடங்கினார்கள். ஐந்து கோஷ்டியார் ஐந்து விதிகள் எழுதினார்கள். கம்ப்யூட்டர் என்னும் கணக்கு யந்திரத்துக்குள் கற்பனைக் கடல்களை உண்டாக்கி, ஒவ்வொரு விதியையும் அந்தக் கடல்களில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு கடலில் பழைய வேட்டைக் கணக்குப் பொய்யாயிருக்கும். இன்னொன்றில் எண்ணினவன் இரட்டிப்பாக எண்ணியிருப்பான். மற்றொன்றில் ஒரே கூட்டம் என்று நினைத்தது உண்மையில் இரண்டு கூட்டமாக இருக்கும். எல்லாவற்றிலும் தாக்குப்பிடித்த விதியைப் பொறுக்கியெடுத்து, 1994-ல் கமிஷன் அதை அங்கீகரித்தது. வியாபார வேட்டைக்கு 1986 முதலே தடை இருப்பதால் அந்த விதியைக்கொண்டு இன்றுவரை ஒரு திமிங்கிலத்தையும் கமிஷன் வேட்டைக்கு விடவில்லை என்பது வேறு விஷயம். விதி அலமாரியிலே இருந்தாலும், முறை அதைவிட்டு வெளியே கிளம்பி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் மீன் தொழிலுக்கு வந்து சேர்ந்தது.

முறையின் சூக்ஷுமம் இவ்வளவுதான். கற்பனைக் கடலில் மீன் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். நாம்தானே அதை உண்டாக்கினோம். ஆனால் விதிக்கு அதைக் காட்டுவதில்லை. நிஜக்கடலில் கிடைக்கின்ற மாதிரியே அரைகுறையான, பிழையுள்ள தகவலைத்தான் அதற்குக் கொடுப்பது. விதி அதைப் பார்த்து, இவ்வளவு பிடிக்கலாம் என்று சொல்லும். அவ்வளவையும் கற்பனைக் கடலிலிருந்து கழித்துவிட்டு அடுத்த வருஷத்துக்குப் போவது. இப்படி முப்பது நாற்பது வருஷம் ஓட்டி, மறுபடி வேறு கடலில், வேறு பிழையோடு, ஆயிரக்கணக்கான தடவை ஓட்டினால், எந்த விதி மீனையும் மீனவனையும் உயிரோடு வைக்கின்றது, எது பத்தாவது வருஷத்தில் குதிரைக் காலி செய்கின்றது என்பது வெளியாகிவிடும். மாடு வாங்குகின்றவன் தரகன் பேச்சோடு திருப்தியடையாமல் ஏரில் பூட்டி ஓட்டிப் பார்ப்பது போலத்தான். இதில் தப்பு நேர்ந்தால் சாவது கற்பனை மீன், நிஜ மீனல்ல.

இன்னுமொரு லாபமும் உண்டு. ஏரிப் பாசனமுள்ள ஊரில், தண்ணீர் இந்தக் கல்லுக்குக் கீழே இறங்கினால் ஆளுக்கு இவ்வளவுதான் பாய்ச்சுவது என்று ஏரி நிரம்பியிருக்கும்போதே பேசி வைத்துக்கொண்டால் சண்டை குறைவு. வறண்ட பிறகு மதகடியில் நின்று பேசினால் மண்வெட்டிதான் பேசும். அதுபோல மீன் குறைந்தால் எவ்வளவு குறைப்பது, கூடினால் எவ்வளவு கூட்டுவது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால், வருஷாவருஷம் மந்திரி வீட்டு வாசலில் பணக்காரக் கப்பல்காரன் போய் நிற்பதற்கு இடம் சுருங்கிவிடுகின்றது.

ஆனால் இங்கேதான் கணக்கு யந்திரத்தால் ஆகாத காரியம் ஒன்று இருக்கின்றது. ஒரு விதி அதிக மீன் கொடுக்கும், ஆனால் வருஷத்துக்கு வருஷம் ஏறி இறங்கும். மற்றொன்று கொஞ்சமாய்க் கொடுக்கும், ஆனால் நிலையாய்க் கொடுக்கும். வேறொன்று பத்து வருஷம் பட்டினி போட்டுப் பிறகு வயிறு நிறையக் கொடுக்கும். இவற்றில் எது நல்லது? இதற்கு எந்த சயன்ஸிலும் பதில் இல்லை. கடன் வாங்கிப் படகு கட்டினவனுக்கு ஒரு பதில், கூலிக்குப் போகின்றவனுக்கு ஒரு பதில், பத்துக் கப்பல் வைத்திருப்பவனுக்கு ஒரு பதில். ஆகவே யாருடைய வயிறு இதில் இருக்கின்றதோ அவர்களைக் கேட்டுத்தான் தீரவேண்டும். கேட்பதும் விதியை எழுதி முடித்த பிறகல்ல, எழுதுவதற்கு முன்னால்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இதைச் செய்து பார்த்தார்கள். அங்கே ஹெர்ரிங் என்று நம்முடைய சாளைக்கு உறவான ஒரு சிறு மீன் உண்டு. அதை வலைக்காரன் விற்கப் பிடிக்கின்றான். சிங்கி இறால் பிடிக்கின்றவன் இரைக்காக வாங்குகின்றான். சூரை மீன்காரனோ, இதை நீ வாரிக்கொண்டு போனால் என் சூரை எதைத் தின்னும் என்கின்றான். திமிங்கிலம் பார்க்க ஆட்களைப் படகேற்றிக்கொண்டு போகின்றவனும் அதையே கேட்கின்றான். கடற்பறவைகளுக்காகப் பேசுகின்றவர்களும் வந்து நிற்கின்றார்கள். 2016-ல் இவர்களையெல்லாம் பகிரங்கக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும், எது நடக்கக்கூடாது என்று பயப்படுகின்றீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதைக்கொண்டு, ஹெர்ரிங்கைத் தின்கின்ற சூரையையும் சிறு சுறாவையும் ஆலாப் பறவையையும்கூடக் கற்பனைக் கடலில் சேர்த்து விதிகளை ஓட்டிப் பார்த்து, 2018-ல் ஒரு விதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உடனே பாலும் தேனும் ஓடிற்று என்று சொல்லுவதற்கில்லை. ஹெர்ரிங் குஞ்சுகள் சில வருஷங்களாகவே சரியாய்ப் பிழைத்து வரவில்லை என்பது அந்த 2018-லேயே வெளியாகி, அவ்வருஷத்தில் சுமார் 50,000 டன்னாகக் குறைத்திருந்த அளவை மறுவருஷம் சுமார் 15,000 டன்னாக வெட்ட நேர்ந்தது. நல்ல விதி மீனைப் பிறக்க வைக்காது. மீன் பிறக்காத காலத்தில் மிச்சத்தையும் வாரிவிடாமல் தடுப்பதுதான் அதனால் ஆகக்கூடியது.

அதேபோல், கணக்கு யந்திரத்தில் பொய்யைப் போட்டால் பொய்தான் வெளியே வரும். இதற்குத் தெற்குக் கடல்களிலுள்ள நீலத்துடுப்புச் சூரையின் கதையே சாக்ஷி. ஜப்பானில் மிகுந்த விலைக்குப் போகின்ற மீன் அது. அதைப் பங்கிட்டுக்கொள்ள ஆஸ்திரேலியா, ஜப்பான், நியூசிலாந்து ஆகிய மூன்று தேசங்களும் 1994 முதல் ஒரு கமிஷன் வைத்துக்கொண்டிருந்தன; பின்னால் வேறு தேசங்களும் சேர்ந்தன. 2005-ல் இம்மாதிரி சோதித்த விதி ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். மறுவருஷமே, ஜப்பான் சந்தையில் விற்ற மீனையும் கப்பல்காரர்கள் பிடித்ததாகச் சொன்ன மீனையும் ஒத்துப் பார்த்ததில் நெடுங்காலமாகக் கணக்கில் காட்டாத மீன் ஏராளம் என்று அம்பலமாயிற்று. அவ்வளவுதான், விதியைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. ஜப்பானுக்கு இருந்த 6,065 டன் பங்கு 3,000 டன்னாக வெட்டப்பட்டது. கனவான்கள் நாகரிகமாய்த் திருடினால் அதற்குக் கணக்குப் பிழை என்று பெயர்!

ஆனால் அதோடு அவர்கள் முயற்சியை விட்டுவிடவில்லை. பொய்க்கணக்கையும் ஒரு சாத்தியமாக வைத்துச் சோதித்து, 2011-ல் பாலித் தீவில் கூடிப் புது விதி ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். அப்போது முட்டையிடும் பருவத்து மீன் ஆதியில் இருந்ததில் நூற்றுக்கு 5 பங்கு அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது. அதை 2035-க்குள் நூற்றுக்கு 20 பங்காக்க வேண்டும். பத்துக்கு ஏழு தரம் அது நிறைவேற வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் அளவை மாற்றுவது. ஒரே தடவையில் 3,000 டன்னுக்குமேல் ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை என்பது ஏற்பாடு. கடைசி இரண்டும் தொழில் நடத்துகின்றவர்களுக்காகச் சேர்த்தவை. 2010-11-ல் 9,449 டன்னாக இருந்த அளவு, 2024 முதல் 2026 வரையில் வருஷத்துக்கு 20,647 டன்னாக உயர்ந்திருக்கின்றது. மீனும் பெருகிற்று, பிடிப்பும் பெருகிற்று. 2019-ல் அந்த விதியையும் மாற்றி, இலக்கை நூற்றுக்கு 30 ஆக உயர்த்தினார்கள். கப்பல்காரன் வாய்க்கணக்கை மாத்திரம் நம்பாமல், பிடிபட்ட மீன்களின் சதைத் துணுக்குகளைப் பரிசோதித்து, இது தாய், இது அதன் பிள்ளை என்று உறவு கண்டுபிடித்து, எத்தனை உறவு அகப்படுகின்றது என்பதிலிருந்து கடலிலுள்ள பெரிய மீனின் தொகையை மதிக்கின்ற வித்தையையும் புது விதியில் சேர்த்துக்கொண்டார்கள். அகப்பட்டவற்றில் உறவு மலிந்திருந்தால் பெற்றோர் தொகை கொஞ்சம். உறவு அரிதாயிருந்தால் தொகை அதிகம். ஒரு தெருவில் நாலு பேரைப் பிடித்து விசாரித்தால் நாலு பேரும் பங்காளிகளாக இருக்கும் குக்கிராமத்துக்கும், சென்னைப் பட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அது!

இதெல்லாம் எங்கேயோ நடக்கின்ற சங்கதி, நமக்கென்ன என்று கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஒரு தோழர் கேட்கலாம். அவருக்கே இது மிகவும் சம்பந்தப்பட்டது. இந்து மகா சமுத்திரத்துச் சூரைக்கும் ஒரு கமிஷன் சீஷெல்ஸ் தீவில் இருக்கின்றது. இந்தியாவும் இலங்கையும் அதில் அங்கத்தினர்கள். மாலத் தீவார் முன்னின்று வேண்டியதன்பேரில் 2016-ல் வரிச்சூரைக்கு ஒரு விதி செய்தார்கள். 2022-ல் பெருங்கண் சூரைக்கு, மேலே சொன்ன மாதிரியே கற்பனைக் கடலில் ஓட்டிச் சோதித்த விதியை ஒப்புக்கொண்டார்கள். தூத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் வாரக்கணக்கில் வீட்டைவிட்டு ஆழ்கடலுக்குப் போய்ப் பிடிக்கின்ற சூரைக்கும் அந்த மேஜையில்தான் அளவு பேசப்படுகின்றது.

அந்த மேஜைக்குப் போகின்ற இந்திய சர்க்கார் பிரதிநிதிகள், போவதற்கு முன்னால் தூத்தூருக்கு வந்தார்களா? நிலையான பிடிப்பு வேண்டுமா, அதிகப் பிடிப்பு வேண்டுமா என்று அங்கே ஒரு கூட்டம் போட்டுத் தமிழில் கேட்டார்களா? கேட்டிருந்தால் அவர்கள் கேட்ட கேள்வியையும், கிடைத்த பதிலையும் அச்சிட்டு வெளியிட்டு விடலாமே! கூட்டம் என்றால் விசைப்படகு முதலாளிகள் நால்வரை ஓட்டலில் கூட்டிக் காப்பி கொடுத்தனுப்புவதை நாம் கூட்டம் என்று சொல்லவில்லை. முதலாளிக்குப் போட்ட நாற்காலி வேலைக்காரனுக்கும் போட்ட நாற்காலி ஆகாது. மீனைத் தரம் பிரித்து, உலர்த்தி, தலையில் சுமந்து விற்கின்ற பெண்மக்களைக் கேளாத கணக்கு கரையின் கணக்கும் ஆகாது. கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூட்டம் வைக்க வேண்டும்; வந்தவர்களுக்கு அன்றைய கூலி நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும்; கற்பனைக் கடலில் என்னென்ன பிழைகளை வைத்து ஓட்டினார்கள் என்பதை அவர்களுக்கு விளங்குகின்ற பாஷையில் சொல்ல வேண்டும். கரையிலுள்ள சங்கத்தார் இனி மனுக் கொடுக்கும்போது, எங்களுக்கு இவ்வளவு டன் வேண்டும் என்று மாத்திரம் எழுதாமல், இந்த விதியை எந்தக் கடலில் ஓட்டிப் பார்த்தீர்கள், எங்கள் பிடிப்பை யார் எழுதினார்கள், அது தப்பாயிருந்தால் உங்கள் விதி என்ன செய்யும் என்கின்ற மூன்றையும் எழுதிக் கேட்பார்களாக.